பஸ்காவுக்கு அரிசி ஆகுமா? யூதச் சட்டத்துல புத்தகமும் வழக்கமும்

பஸ்கா பண்டிகை வந்தா யூதர் வீட்ல புளிப்புக்கே இடமில்லன்னு பைபிள் வாசிச்சவங்களுக்குத் தெரியும். கோதுமை, பார்லின்னு அஞ்சு வகை தானியம், அதோட மாவுல தண்ணி பட்டு புளிச்சிருச்சுன்னா அந்த ஏழு நாளும் தின்னவும் கூடாது, வீட்ல வச்சிருக்கவும் கூடாது, இஸ்ரேலுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு எட்டு நாள். இதுல மத நெறிப்படி வாழற எந்த யூதருக்கும் மாத்துக்கருத்து கிடையாது. அரிசின்னு வந்தாதான் சிக்கல். ஜெருசலேம்ல ஒரே அபார்ட்மெண்ட்ல ஈராக்லருந்து வந்த குடும்பம் பஸ்கா அன்னைக்கு சோறு வடிக்கும், எதிர் வீட்ல போலந்துலருந்து வந்த குடும்பம் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, கடுகு எதையும் வாயில வைக்காது. ஏன்னு கேட்டா ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே புத்தகத்தை எடுத்து ஒரே பத்தியைக் காட்டுவாங்க.

புத்தகம் பேரு ஷுல்ஹான் ஆரூக், அதுல முதல் பாகம், 453ஆவது பிரிவு. பெரிய எழுத்துல யோசேப் காரோ எழுதினது இருக்கும், அரிசியும் பருப்பு வகையும் புளிப்புக் கணக்குல வராது, சமைச்சு சாப்பிடலாம்னு. அதுக்குக் கீழயே வேற மாதிரி எழுத்துல மோசே இசர்லிஸ் எழுதினது, வேணாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அஷ்கெனாஸ் நாட்டு வழக்கம் வேணாங்கறதுதான், அதை மாத்தக்கூடாதுன்னு. அஷ்கெனாஸ்னா ஜெர்மனி, அங்கருந்து கிழக்க போலந்து லித்துவேனியா வரைக்கும் பரவின யூதர்கள் அஷ்கெனாசிகள். செஃபராத்னா ஸ்பெயின், அந்த மரபுலயும் அதைச் சுத்தின அரபு, துருக்கி நாட்டு மரபுலயும் வந்தவங்களை செஃபார்டின்னு பொதுவா சொல்றாங்க. ஒரு சட்டப் புத்தகம் ஒரே பத்தியில ஆமான்னும் இல்லன்னும் சொல்லிட்டு, அதையே நானூறு வருஷத்துக்கு மேல ரெண்டு தரப்பும் தன்னோட சட்டம்னு வச்சிருக்காங்கன்னா, அங்க சட்டத்துக்கு அதிகாரம் எங்கருந்து வருதுங்கறதை நாம வேற மாதிரிதான் யோசிக்கணும்.

முதல்ல அடுக்கு எப்படின்னு சுருக்கமா சொல்லிடறேன். அடியில தோரா, மோசேயோட அஞ்சு ஆகமம், அதுல 613 கட்டளைன்னு மரபுக் கணக்கு. அதுக்கு மேல வாய்மொழியா வந்த விளக்கங்கள், அதை கி.பி. 200 வாக்குல யெஹூதா ஹநாசி தொகுத்தது மிஷ்னா. மிஷ்னாவை வச்சு பல தலைமுறை ரப்பிகள், அதாவது யூத மத ஆசான்கள், பேசின பேச்சு, வாதம், எதிர்வாதம், கதை எல்லாம் சேர்ந்தது தல்மூத், ஒண்ணு கலிலேயாவுல உருவானாலும் ஜெருசலேம் பேர்ல வழங்கறது, இன்னொண்ணு பாபிலோன்ல உருவானது, பாபிலோன் தல்மூத்துக்குத்தான் கடைசியில மதிப்பு அதிகம் ஆச்சு. தல்மூத்ல பிரச்சனை என்னன்னா அது தீர்ப்பு சொல்ற புத்தகம் இல்ல, விவாதத்தை அப்படியே பதிஞ்சு வச்ச புத்தகம். தோத்துப்போன கருத்தையும் பேரோட எழுதி வச்சிருப்பாங்க. சாதாரண மனுஷன் அதைத் திறந்து இன்னைக்கு நான் என்ன பண்ணணும்னு தேடினா பதில் கிடைக்காது.

அதனாலதான் சட்டத் தொகுப்புகள் வந்துச்சு. 1180 வாக்குல எகிப்துல இருந்த மைமோனிடிஸ் 14 பாகத்துல முழுச் சட்டத்தையும் தெளிவான எபிரேயத்துல எழுதினார், யார் சொன்னது எங்க சொன்னதுன்னு ஒண்ணும் போடாம முடிவை மட்டும். தோராவையும் இதையும் வாசிச்சா நடுவுல வேற புத்தகம் தேவையில்லன்னு முன்னுரையிலயே எழுதிட்டார். பெரிய அறிவாளிதான், ஆனா எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் இல்ல, தெற்கு பிரான்ஸ்ல இருந்த ஆபிரகாம் பென் டேவிட் வரிக்கு வரி கண்டனக் குறிப்பு எழுதினார், ஆதாரம் காட்டாம சொன்னா நான் ஏன் உன்னை நம்பணும்ங்கறதுதான் அவரோட அடிப்படைக் கேள்வி. இன்னைக்கு மைமோனிடிஸ் புத்தகத்தை அச்சடிக்கறப்போ அந்தக் கண்டனத்தையும் சேர்த்தேதான் அச்சடிக்கறாங்க. இந்த மரபுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான், எதிர்த்தவரை வெளிய தள்ளாம பக்கத்துலயே உக்கார வச்சிருக்காங்க.

இப்ப காரோவுக்கு வருவோம். 1488ல பிறந்தவர், ஸ்பெயின்ல டொலேடோன்னு சொல்றாங்க. 1492ல ஸ்பெயின் ராஜாவும் ராணியும் யூதர்களை மொத்தமா துரத்தினப்போ நாலு வயசுக் குழந்தை. போர்த்துகல், அங்கருந்தும் விரட்டு, அப்புறம் துருக்கி சுல்தான் ஆட்சிக்குள்ள நிகோபோல், அத்ரியானோபிள், கடைசியா கலிலேயாவுல சஃபேத். போன ஊர்ல எல்லாம் இவரை மாதிரியே அகதியா வந்தவங்க, ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் ஊர் வழக்கத்தை மூட்டையோட தூக்கிட்டு வந்திருக்கான், ஒரே தெருவுல நாலஞ்சு விதமா ஜெபம், நாலஞ்சு விதமா கறி அறுப்பு. தோரா இப்ப ரெண்டு தோரா இல்ல, எண்ணிக்கையே இல்லாத தோராவா ஆயிடுச்சுன்னு அவர் முன்னுரையில வருத்தப்பட்டு எழுதறதை இந்தப் பின்னணியோட வாசிக்கணும். நாடு போச்சு, ஊர் போச்சு, சட்டமாச்சும் சிதறாம இருக்கணும்ங்கற தவிப்பு அது.

1522ல ஆரம்பிச்சு 20 வருஷம் உழைச்சு முதல்ல பெய்த் யோசேப்னு ஒரு மாபெரும் ஆய்வு எழுதினார், ஒவ்வொரு சட்டமும் தல்மூத்ல எங்க ஆரம்பிச்சு யார் யார் கை வழியா எப்படி வந்துச்சுன்னு. முடிவு எடுக்க அவர் வச்ச முறை ரொம்ப எளிமை. அல்ஃபாசி, மைமோனிடிஸ், ஆஷேர் பென் யெஹியேல், இந்த மூணு பழைய சட்ட அறிஞர்களும் தூண்கள், மூணுல ரெண்டு பேர் எந்தப் பக்கமோ சட்டம் அந்தப் பக்கம். அதோட சாரத்தை மட்டும் பிழிஞ்சு எடுத்ததுதான் ஷுல்ஹான் ஆரூக், அப்படின்னா விரிச்சு வச்ச சாப்பாட்டு மேஜைன்னு அர்த்தம், யாரும் தேட வேண்டாம், வந்து உக்காந்து சாப்பிடலாம். 30 பங்கா பிரிச்சிருந்தார், தினம் ஒரு பங்கு வாசிச்சா மாசத்துக்கு ஒருதரம் மொத்தச் சட்டமும் ஓடிடும். 1565ல வெனிஸ்ல அச்சாச்சு. கையெழுத்துப் பிரதியா இருந்திருந்தா ஒரு ஊரைத் தாண்ட பத்து வருஷம் ஆகியிருக்கும், அச்சு வந்ததால கொஞ்ச வருஷத்துல போலந்துக்கே போயிடுச்சு.

அங்கதான் மோதல். கிராக்கோவ்ல இருந்த மோசே இசர்லிஸ் காரோவை விட ஒரு தலைமுறைக்கு மேல சின்னவர், அவரும் அதே மாதிரி ஒரு ஆய்வு எழுதிக்கிட்டு இருந்தார், அந்த நேரத்துல காரோவோட பெய்த் யோசேப் கைக்கு வந்து சேருது. தன் உழைப்பு வீணாச்சேன்னு கலங்கினவர் அப்புறம் உத்துப் பார்த்தா அந்த முறையில அவருக்கு ஒரு குறை தெரியுது. மூணு தூண்ல ரெண்டு பேர் ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா மரபு, மூணாமவர் ஜெர்மனிக்காரர்னாலும் கடைசிக் காலம் டொலேடோவுல. ஓட்டு போட்டா ஜெர்மனி, போலந்து வழக்கம் எப்பவும் தோக்கத்தான் செய்யும். அப்படின்னா எங்க தாத்தா பாட்டி செஞ்சதெல்லாம் தப்பா? அவர் எதிர்ப்புத் தெரிவிச்ச விதம்தான் சட்ட வரலாற்றையே மாத்துச்சு. தனியா ஒரு போட்டிப் புத்தகம் போடாம, காரோ எழுதினதை ஒரு எழுத்து கூட அழிக்காம, எங்கெல்லாம் தன் ஊர் வழக்கம் வேறயோ அங்கெல்லாம் ஒரு குறிப்பு சேர்த்தார், நாங்க இப்படித்தான் செய்யறோம்னு. பேரு மப்பா, மேஜை விரிப்பு. நீங்க மேஜை போட்டீங்க, நான் மேல துணி விரிக்கறேன். 1570 வாக்குலருந்து கிராக்கோவ்ல ரெண்டும் ஒண்ணா அச்சாக ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலும் சேர்ந்தேதான் அச்சாகுது.

இதோட எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. லுப்லின்ல இருந்த சாலமோன் லூரியா, பிராக்ல இருந்த மஹரால், அவரோட அண்ணன் ஹய்யிம், இந்த ரப்பிகள் எல்லாருக்கும் தொகுப்புங்கற யோசனையே பிடிக்கல. மஹரால் வாதத்தை நான் பல தடவை யோசிச்சிருக்கேன், தல்மூத்தைப் படிச்சு தானே புரிஞ்சு தீர்ப்பு சொல்றவர் தப்பே பண்ணாலும் பரவாயில்ல, காரணம் தெரியாம புத்தகத்தைப் பார்த்து சரியா சொல்றவரை விட அவர் மேல்னு சொல்றார். இந்த எதிர்ப்பு முழுசா அடங்கல, வேற வழியில கரைஞ்சுது. 1646ல தாஸ், ஷாஹ்னு சுருக்கமா அழைக்கப்படற ரெண்டு பெரிய உரைகள் வந்துச்சு, அவங்க காரோவையும் இசர்லிஸையும் கேள்வி கேட்டு, தல்மூத்தோட உரசிப் பார்த்து, சில இடத்துல மறுத்தும் எழுதினாங்க. மூலத்தைச் சுத்தி வாதம் மறுபடி வளர்ந்ததும் தொகுப்பு மேல இருந்த பயம் போயிடுச்சு. யூதர்களுக்கு அப்ப சட்டசபையும் கிடையாது, எல்லாருக்கும் மேல ஒரு உச்ச மன்றமும் கிடையாது, சன்ஹெத்ரின்ங்கற பழைய உச்ச மன்றம் இல்லாமப் போய் ஆயிரம் வருஷம் ஆச்சு. இந்தப் புத்தகம்தான் சட்டம்னு யாரும் ஓட்டெடுத்து அறிவிக்கல. ஜனங்க கடைப்பிடிச்சாங்க, அதனால சட்டம் ஆச்சு.

அப்ப அடுத்த கேள்வி, ஜனங்க செய்யறதுக்கு அவ்வளவு பலம் எப்படி வந்துச்சு? வழக்கத்துக்கு எபிரேயத்துல மின்ஹாக்னு பேரு. நம்ம மொழியிலயே பாருங்க, வழக்குன்னா ஜனங்க புழங்கற விதமும் அதுதான், கோர்ட்ல நடக்கறதும் அதுதான், அந்த ஒரே சொல்லுக்குள்ள இருக்கற உறவுதான் இங்கயும்.

மிஷ்னாவுல கூலியாள் பத்தி ஒரு சட்டம் இருக்கு. வேலைக்கு ஆள் வச்ச முதலாளி விடியறதுக்கு முன்னாடி வா, இருட்டின பிறகு போன்னு சொன்னா, அந்த ஊர்ல அப்படி வழக்கம் இல்லன்னா கட்டாயப்படுத்த முடியாது. சாப்பாடு போடறது ஊர் வழக்கம்னா போட்டுத்தான் ஆகணும். எல்லாம் ஊர் வழக்கப்படின்னு மிஷ்னா முடிக்குது. இந்த இடத்துலதான் ஜெருசலேம் தல்மூத், வழக்கம் சட்டத்தையே ரத்து பண்ணிடும்னு ஒரு வரி போடுது. பிற்காலத்துல இந்த வரியை எங்கெங்கயோ இழுத்துட்டுப் போனாங்க, ஆனா அது பிறந்த இடம் கூலிக்காரனோட வேலை நேரமும் அவனோட சாப்பாடும்தான், அதை மறக்கக்கூடாதுன்னு எனக்குத் தோணும்.

ஹில்லேல்ங்கற பழங்கால அறிஞரோட கதை இன்னும் அழகு. ஒரு வருஷம் பஸ்கா பலி கொடுக்கற நாள், வேலையும் பொருள் தூக்கிட்டுப் போறதும் கூடாத ஓய்வுநாள்ல வருது. பலி கொடுக்கலாம்னு ஹில்லேல் வாதாடி நிரூபிச்சுட்டார், அவரைத் தலைவராவும் ஆக்கிட்டாங்க. அப்புறம் ஒருத்தர் கேக்கறார், முந்தின நாளே கத்தியை எடுத்துட்டு வர மறந்தா ஓய்வுநாள்ல எப்படித் தூக்கிட்டு வரதுன்னு. இந்தச் சட்டத்தைக் கேட்டிருக்கேன், மறந்துட்டேன்னு சொல்லிட்டு ஹில்லேல் சொல்றார், ஜனங்களை விடுங்க, அவங்க தீர்க்கதரிசிங்க இல்லன்னாலும் தீர்க்கதரிசிங்களோட பிள்ளைங்க. மறுநாள் பார்த்தா ஆட்டுக்குட்டி கொண்டு வந்தவன் அதோட ரோமத்துல கத்தியைச் செருகியிருக்கான், வெள்ளாடு கொண்டு வந்தவன் கொம்புக்கு நடுவுல. அதைப் பார்த்ததும் ஹில்லேலுக்கு தான் படிச்சது ஞாபகம் வந்துச்சாம். அறிஞன் மறந்ததை ஜனங்களோட கை மறக்கல.

ஆனா வழக்கம்னு சொன்னா எல்லாத்தையும் ஒத்துக்கணுமா? அதுக்கும் தடை வச்சிருக்காங்க. தோராவுல ஆதாரம் இல்லாத வழக்கம் தப்பான தீர்ப்புக்குச் சமம்னு ஒரு பழைய வாசகம் இருக்கு. 12ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இருந்த ரப்பேனு தாம் சொன்னதா ஒண்ணு வழங்குது, மின்ஹாக்ங்கற சொல்லோட எழுத்துக்களை மாத்திப் போட்டா கெஹின்னோம் வரும்னு, அதாவது நரகம். தோரா நேரடியா தடுத்ததை ஊர் வழக்கத்தால அனுமதிக்க முடியாது, இது பொது விதி. கூடுதலா ஒரு கட்டுப்பாட்டை ஊர் தன் மேல போட்டுக்கலாம், பணம் காசு விவகாரத்துல வழக்கப்படி நடக்கலாம்.

நடைமுறையில எல்லை அவ்வளவு தெளிவா இல்ல. பாவ நிவாரண நாளுக்கு முன்னாடி சேவலைத் தலையைச் சுத்தி அறுக்கற கப்பரோத்துன்னு ஒரு வழக்கம் இருக்கு, காரோ அதைத் தடுக்கணும்னு எழுதினார், ஆரம்பப் பதிப்புகள்ல அந்தப் பிரிவோட தலைப்புலயே முட்டாள்தனமான வழக்கம்னு இருந்துச்சு. இசர்லிஸ் கீழ எழுதறார், இது பழமையான வழக்கம், மாத்தக்கூடாது. தலையை மூடறது இன்னொரு உதாரணம். இன்னைக்கு யூதர்னாலே நமக்கு ஞாபகம் வர்றது அந்தச் சின்னத் தொப்பி, ஆனா தலையை மூடாம ஆசீர்வாதம் சொல்றதுக்குத் தடைன்னு எங்கயும் எனக்குத் தெரியலன்னு மேல சொன்ன அதே லூரியா எழுதியிருக்கார், ஜனங்க தடைன்னு ஏத்துக்கிட்டதால நானும் அனுமதிக்க மாட்டேன்னும் சேர்த்தே எழுதியிருக்கார். கறி சாப்பிட்டா பால் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகணும்ங்கறதுல காரோ ஆறு மணி நேரம்னு சொல்றார், ஜெர்மனி யூதர்கள் மூணு, டச்சு யூதர்கள் ஒண்ணு. கடிகாரத்தைப் பார்த்தே யார் எந்த ஊருன்னு சொல்லிடலாம்.

அரிசித் தடையும் இப்படி வந்ததுதான். தல்மூத்ல அரிசி புளிப்பு ஆகும்னு ஒரே ஒரு ரப்பி சொன்னதை மத்தவங்க ஏத்துக்கல, பஸ்கா மேஜையில அரிசி வைக்கலாம்னே ஒரு இடத்துல வருது. 13ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இந்தத் தடையைப் பத்தி எழுத ஆரம்பிக்கறாங்க. காரணம்னு சொன்னதெல்லாம் வீட்டுக் காரணம்தான், கோதுமை வயல் பக்கத்துல விளையுது, ஒரே சாக்குல கட்டறாங்க, மாவா அரைச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு, குழந்தைங்க குழம்பிடும். அப்பவே சில பெரிய ரப்பிகள் இது தேவையில்லாத கெடுபிடின்னு எழுதிட்டாங்க, ஒருத்தர் முட்டாள் வழக்கம்னே எழுதினார். ஆனா அம்மாக்கள் சமையலறையில அது உக்காந்துடுச்சு, அதுக்கப்புறம் எந்த அறிஞராலயும் எழுப்ப முடியல. புதுப் பொருள் வரப்போதான் வழக்கத்தோட நெகிழ்வு தெரியும். அமெரிக்காவுலருந்து வந்த உருளைக்கிழங்கு பட்டியல்ல சேரல, சேர்ந்திருந்தா கிழக்கு ஐரோப்பாவுல பஸ்கா வாரம் ஏழைங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க. வேர்க்கடலை பத்தி நியூயார்க்ல இருந்த மோஷே ஃபைன்ஸ்டைன், முன்னோர் ஏத்துக்கிட்டதை நாம காப்போம், அவங்க சொல்லாததைப் புதுசா சேர்க்க வேண்டாம்ங்கற மாதிரி தீர்ப்பு சொன்னார். அமெரிக்காவுல கன்சர்வேடிவ் யூத இயக்கத்தோட சட்டக் குழு 2015ல இந்தத் தடையே வேண்டாம்னு சொல்லிடுச்சு, பழைய நெறியை இறுக்கமா பிடிக்கற ஆர்த்தடாக்ஸ் பக்கம் அதை ஏத்துக்கல.

இஸ்ரேல் உருவானதும் காரோ காலத்து நிலைமை திரும்ப வந்துச்சு, எல்லா ஊர் யூதர்களும் ஒரே நாட்டுல. பாக்தாத்ல பிறந்து செஃபார்டி தலைமை ரப்பியா 1973லருந்து 1983 வரை இருந்த ஓவாதியா யோசேப், இந்த மண்ணுக்கு காரோதான் ஆசான், அதனால ஈராக், மொராக்கோ, சிரியான்னு எங்கருந்து வந்திருந்தாலும் அவர் தீர்ப்புப்படி நடங்கன்னு வாழ்க்கை முழுக்க வாதாடினார். அஷ்கெனாசிங்க எங்களை ரெண்டாந்தரமா நடத்தறப்போ எங்களுக்கு ஒரு நிமிர்வு வேணும்ங்கற உணர்வும் அதுல இருந்துச்சு, அதை நான் மதிக்கறேன். ஆனா மொராக்கோ ரப்பிகள் விடல, எங்க ஊர் வழக்கத்தை நாங்க ஏன் விடணும்னு ஷாலோம் மெஸ்ஸாஸ் மாதிரி பெரியவங்க எதிர்த்து எழுதினாங்க. ஏமன் யூதர்கள்ல ஒரு பிரிவு இன்னமும் காரோவைத் தாண்டி நேரா மைமோனிடிஸ்கிட்டதான் போகுது.

வழக்கத்தைப் பத்தி நல்லதா மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்ல. நமக்குப் பக்கத்துல கொச்சியில நடந்தது இருக்கு. அங்க யூதர்களுக்குள்ளயே ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை அடிமை வம்சம்னு சொல்லி பெண் கொடுக்க மாட்டேன்னு ஒதுக்கி வச்சிருந்துச்சு. 16ஆம் நூற்றாண்டுல இந்தக் கேள்வி கெய்ரோவுக்குப் போச்சு, அங்க இருந்த பெரிய சட்ட அறிஞர் டேவிட் இப்ன் சிம்ரா, முறைப்படி தண்ணியில மூழ்கி எழுந்தா அவங்களும் முழு யூதர்தான், கல்யாணம் பண்ணலாம்னு தெளிவா எழுதி அனுப்பினார். சட்டம் அவங்க பக்கம். ஆனா ஊர் கேக்கல. 1568ல கட்டின பரதேசி ஜெப ஆலயத்துல ஒதுக்கப்பட்டவங்க 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெஞ்சுல உக்கார முடியாம இருந்தாங்க, அந்தக் குடும்பத்துலருந்து வந்த வக்கீல் ஏ.பி. சேலம் காந்தி வழியில அதே ஆலயத்துக்குள்ள சத்தியாகிரகம் இருந்தார், கொஞ்சம் கொஞ்சமாத்தான் இடம் கிடைச்சுது. வழக்கம் சட்டத்தை ரத்து பண்ணும்ங்கற வரிக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கு. கூலிக்காரனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்த அதே பலம்தான் இங்க ஒரு மனுஷனைத் தரையில உக்கார வச்சுது.

அந்த 453ஆவது பிரிவுக்கே திரும்பிப் போறேன், ஏன்னா நிறைய பேர் முதல் வரியோட நிறுத்திடறாங்க. மாத்தக்கூடாதுன்னு சொன்ன இசர்லிஸ் அங்கயே இன்னும் ரெண்டு மூணு விஷயம் சேர்த்திருக்கார். அரிசியோ பருப்போ தவறி சாப்பாட்டுல விழுந்துட்டா அந்தச் சாப்பாடு கெட்டுப்போகாது. அதுலருந்து எடுத்த எண்ணெயில விளக்கேத்தலாம். புளிப்பு மாதிரி வீட்டை விட்டு வெளியேத்த வேண்டியதில்ல, அலமாரியில இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இதை வச்சுத்தான் இன்னைக்கு பல ரப்பிகள், போலந்து வீட்டுக்காரங்க பஸ்கா வாரத்துல ஈராக் வீட்டுக்குப் போய் அரிசி சமைச்ச அதே பாத்திரத்துல செஞ்ச கறியைச் சாப்பிடலாம், சோறை மட்டும் போட்டுக்காம இருந்தா போதும்னு சொல்றாங்க.